தூக்கத்தில் போட்ட ஆமாம்

எனக்குப் பேச வரும், கேட்க வராது. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமே கிடையாது. ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி வரப்பு வழியாக அரைமணி நேரம் நடந்தால் எங்கள் ஊர். அங்கே யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். எதிரே இருப்பவர் மூன்றாவது வார்த்தைக்கு வருவதற்குள் நான் என் அடுத்த வேடிக்கையைத் தயார் செய்துவிடுவேன். அவர் முடிக்கட்டும் என்று காத்திருப்பது மரியாதைக்காக. அந்த நேரத்தில் சும்மா இருக்காமல் 'ம்' கொட்டுவேன்.

என் 'ம்' ரொம்ப நன்றாக இருக்கும். அதில் ஓர் உருக்கம் உண்டு. எத்தனையோ பேர் தங்கள் குடும்பக் கஷ்டத்தையெல்லாம் என்னிடம் கொட்டிவிட்டு, ஆறுதலடைந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன கஷ்டம் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஏமாறாத ஒரே ஆள் என் மனைவி. "இந்த மனுசன் காதுல ஒண்ணுமே வாங்குறதில்ல. வாய் மட்டும் தனியா ம் கொட்டிக்கினு கீது" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். மண்ணெண்ணெய் வாங்கி வரச் சொல்வாள். 'ம்' என்பேன். சாயங்காலம் கையை வீசிக்கொண்டு வருவேன். "காத்தால சொன்னப்ப ம்முன்னியே?" என்று கேட்பாள். அதற்கும் 'ம்' என்பேன்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆலைகள் வரத் தொடங்கியபோது இரும்பை உருட்டிக் கம்பியாக்கும் ஒரு மில்லில் எனக்கு வேலை கிடைத்தது. அந்த இடம் எனக்காகவே கட்டியது போல இருந்தது. உள்ளே இரைச்சல் என்றால் இரைச்சல், பக்கத்தில் நிற்பவன் வாயசைப்பது தெரியும், சத்தம் வராது. சூப்பர்வைசர் வந்து ஏதோ கத்துவார். நாங்கள் தலையை ஆட்டுவோம். அவர் போய்விடுவார். அங்கே எவனும் எவன் பேச்சையும் கேட்கவில்லை. வேலை என்னவோ ஒழுங்காகத்தான் நடந்தது. எனக்கு அது பெரிய தெம்பு. உலகம் நம் வழிக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

இப்படிப்பட்டவனைத்தான் எங்கள் ஊர் அம்மன் கதைக்கு ஆமாம் போட உட்கார வைத்தார்கள்.

எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஓர் அம்மன் இருக்கிறாள். ஆடியில் காப்புக் கட்டிக் கூழ் வார்ப்பதற்கு முன்னால் பத்து நாள், தினமும் மத்தியானம் வெயில் இறங்கினதும் அவள் கதை நடக்கும். கதைக்காரர் உடுக்கையோடு உட்காருவார். அவருக்கு எதிரே ஓர் ஆள் உட்காருவான். அவன்தான் ஆமாம் போடுகிறவன். கதைக்காரர் ஊரைப் பார்த்துக் கதை சொல்ல மாட்டார், அவனைப் பார்த்துத்தான் சொல்வார். "ஏரி நெறைஞ்சு நிக்குது!" என்பார். அவன் "ஆமா!" என்பான். "எட்டூருத் தண்ணி எங்கூருக்கு வருது!" "ஆமாஞ்சாமி!" அந்த ஆமாவில் ஏறித்தான் கதை அடுத்த அடி வைக்கும். ஊர் சுற்றி உட்கார்ந்து, இரண்டு பேர் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்பது போலக் கேட்கும். ஆமாம் போடுகிறவன் சோர்ந்தால் கதை அங்கேயே படுத்துவிடும்.

பல வருஷமாகச் சொல்லி வந்த கதைக்காரர் நெல்லூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். வேறு ஆள் வேண்டும். நான் திருவள்ளூர்ப் பக்கம் மனைவி வழிக் கல்யாணம் ஒன்றுக்குப் போன இடத்தில் ஒருவர் கதை சொல்வதைப் பார்த்திருந்தேன். 'பார்த்திருந்தேன்' என்பதுதான் சரி. கதை நடந்த நேரம் பூராவும் பக்கத்திலிருந்தவனோடு பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் கூட்டம் அழுதது. அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

"நான் கூட்டியாரேன். அந்தாளு வாயத் தொறந்தா கல்லும் அழுவும்" என்று கோயில் தர்மகர்த்தாவிடம் மார் தட்டினேன்.

"நீ கேட்டியா?" என்றார் தர்மகர்த்தா. வயதானவர், என்னை அறிந்தவர்.

"என் ரெண்டு காதாலயும்" என்றேன்.

ஒலிபெருக்கியும் உடுக்கையுமாக ஆள் வந்து சேர்ந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லி, தோளில் துண்டு நிற்காது. அவரோடு வழக்கமாக ஆமாம் போடுகிறவர் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டாராம். ஊரில் வேறு எவனும் முன்வரவில்லை. கூட்டி வந்தவன் நான். நானே உட்காருகிறேன் என்றேன். தர்மகர்த்தா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

முதல் நாள் சாப்பிட்டு முடித்ததும் கதைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நைனா, ஒரு விசயம். உங்க ஊரு வழக்கம் எனக்குச் சொன்னாங்க. ஏழாம் நாளு சபை நாளு. அன்னிக்குப் பொம்பளைங்க கண்ணுல தண்ணி வந்தாத்தான் தாம்பூலமாமே? வராட்டி அன்னிக்கு சாயந்தரமே ரயிலேத்தி அனுப்பிடுவாங்களாமே?"

"அதெல்லாம் பெரியவங்க ஏற்பாடு அண்ணே. நீ இன்னாத்துக்குப் பயப்படற?"

"போன வருசம் சோழவரத்துப் பக்கம் ஒரு ஊர்ல பாதில அனுப்பிட்டாங்க. ரெண்டாவது தபாவும் அப்படி ஆச்சுன்னா எந்த ஊர்லயும் கூப்பிட மாட்டாங்க. உடுக்கையப் பரண்ல போட்டுட்டு சூளையில கல்லறுக்கப் போவ வேண்டியதுதான்." கையை விரித்துக் காட்டினார். உடுக்கை தட்டித் தட்டி விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருந்தது. "எங்க அண்ணனுங்க ரெண்டு பேரும் சூளைலதான் கீறாங்க. எனக்கு அந்த வேல வராது நைனா."

இதுவரை கேட்டேன். இதற்கப்புறம்தான் அவர் முக்கியமானதைச் சொன்னார். அது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

"எல்லா எடத்துலயும் ஆமான்னு சொல்லு. ஒரே ஒரு எடம். சபை நாளன்னிக்கு, அந்தப் பொண்ண நிக்க வச்சு, 'இது நாயமா'ன்னு மூணு தபா கேப்பேன். அங்க மட்டும் ஆமா போடக்கூடாது. 'அநியாயம் சாமி, அநியாயம்'னு தொண்டை கிழியக் கத்தணும். அந்தக் கத்தல்லதான் பொம்பளைங்க அழுவாங்க. புரிஞ்சுதா?"

அந்த நேரத்தில் நான் அவருடைய தோள் துண்டைப் பற்றி ஒரு வேடிக்கை யோசித்துக்கொண்டிருந்தேன்.

"ம்" என்றேன். உருக்கமாகத்தான் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

அதற்கு முந்தின நாள் மில்லில் சூப்பர்வைசர் வந்து என்னிடம் ஏதோ கத்தினார். தலையை ஆட்டினேன். மறுநாள்தான் தெரிந்தது: வாரம் முழுக்க நைட் ஷிஃப்ட் பார்க்கிறாயா என்று கேட்டிருக்கிறார். கேட்டவர்களிலேயே ஒப்புக்கொண்டவன் நான் ஒருத்தன்தான் என்று முதுகில் தட்டிக் கொடுத்தார்.

ஆக, இரவு முழுக்கப் பழுக்கக் காய்ச்சிய கம்பியோடு ஓட்டம். காலையில் வீட்டுக்கு வந்து படுத்தால், காலையிலிருந்தே அம்மன் பாட்டுப் போடும் ஒலிபெருக்கியை எங்கள் வீட்டு எதிர்ப் புளியமரத்தில் கட்டியிருந்தார்கள். குழாயின் வாய் நேராக என் தலைமாட்டைப் பார்த்தது. வீடு நிறைய விருந்தாளிகள். இப்படி ஆறு நாள். மத்தியானம் மூன்றடித்தால் பந்தல் காலில் சாய்ந்து ஆமாம்.

ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், அந்த ஆறு நாளும் நான் பிரமாதமாகப் போட்டேன். "குரலு எப்படி வெங்கலமாட்டம் கீது பாரு" என்று ஊரே சொன்னது. மூன்றாம் நாளே ஒரு வித்தையைக் கண்டுபிடித்துவிட்டேன். கதையைக் கேட்கவே தேவையில்லை. உடுக்கை நிற்கிற இடத்தில் ஆமா போட்டால் போதும். ஐந்தாம் நாள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கவும் வந்துவிட்டது.

ஏழாம் நாள் சபை நாள். பெண்கள் பக்கத்தில் இடமில்லை. அவர்களுக்குப் பின்னால் தர்மகர்த்தா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தாம்பூலத் தட்டு கோயில் படியில் இருந்தது, மேலே ஒரு மஞ்சள் துணி மூடி.

கதை இதுதான். ஏரி மதகைக் காக்கிறவனுக்கு ஒரே பெண். அப்பன் காய்ச்சலில் கிடந்த மழைக்காலத்தில் மதகுக்குக் காவலாக அவள் போய் நிற்கிறாள். ஊர்ப் பெரியவர் ஒருவர் தன் நிலத்துக்கு மட்டும் தண்ணீர் பாய வேண்டுமென்று கரையை ரகசியமாக வெட்டி விடுகிறார். கரை உடைகிறது. பயிரெல்லாம் போகிறது. மறுநாள் சபை கூட்டி, பெண் காவல் நின்றதால்தான் ஏரி உடைந்தது, அவளையே உடைப்பில் வைத்து மண்ணை மூடினால்தான் கரை நிற்கும் என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். அப்படிப் புதைந்தவள்தான் எங்கள் அம்மன்.

கதைக்காரருக்கு அன்றைக்கு ஒன்றும் கூடி வரவில்லை. கண் ஒரு பக்கம் தர்மகர்த்தா மேல், ஒரு பக்கம் தட்டு மேல். வார்த்தை வார்த்தையாக வந்தது. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி யார் வீட்டு மருமகளைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தாள். அழுகிற முகம் ஒன்றுகூட இல்லை. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. நான் ஆழ்ந்த தூக்கத்தில் இருந்தேன். என் மனைவி பிற்பாடு எனக்குச் சொன்னது, நூறு தடவைக்கு மேல்.

பெண்ணைச் சபை நடுவில் நிறுத்தினார் கதைக்காரர். உடுக்கையை வேகமாகத் தட்டி, சட்டென்று நிறுத்தினார்.

"இது நாயமா?"

உடுக்கை நின்றதல்லவா?

"ஆமா" என்றேன்.

நான்கைந்து பேர் சிரித்தார்கள். கதைக்காரருக்கு வியர்த்தது. நாக்குத் தவறியிருக்கும் என்று நினைத்து, என் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டார்.

"ஒரு பாவமும் அறியாத பொண்ணு! இது நாயமாய்யா?"

"ஆமா, ஆமா."

"உசுரோட மண்ணுல மூடறது நாயமா?"

கனவில் சூப்பர்வைசர் வந்திருக்க வேண்டும். "பேஷா செய்யலாம் சார்!" என்றேன்.

அம்மன் சந்நிதியில், அவளைப் புதைக்கலாம் என்று, அவள் ஊர்க்காரன் ஒருவன் மூன்று முறை ஒப்புதல் கொடுத்திருக்கிறான். கதைக்காரர் உடுக்கையைப் பிடித்தபடி கல்லாகிவிட்டார்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். வேறு யார்?

"யோவ்! இன்னாய்யா ஆமா? வயசுப் பொண்ண உசுரோட பொதைக்கறது உனுக்கு நாயமா? உன் ஊட்லயும் ரெண்டு பொட்டப் புள்ள கீதே, அதுங்களையும் போட்டு மூடுவியா?"

உலகத்தில் எந்தச் சத்தத்துக்கும் எழாத என்னை எழுப்பக்கூடிய குரல் அது ஒன்றுதான். திடுக்கிட்டேன். மனைவி ஏதோ கேட்கிறாள் என்று மட்டும் புரிந்தது. மனைவி கேட்டால் என் வாய் என்ன செய்யும்?

"ம்" என்றேன்.

எங்கிருந்தோ ஒரு வேப்பங்கொத்து வந்து முகத்தில் அடித்தது. அடுத்து ஒரு செருப்பு வந்தது, அது பந்தல் காலில் பட்டு விழுந்தது. தர்மகர்த்தா கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தார்.

"நிறுத்துங்கய்யா! அம்மன் எதிர்ல இன்னா பேச்சு இது? கதையும் வாணாம், ஒண்ணும் வாணாம். யோவ், உடுக்கைய மூட்டை கட்டு. ஆறு மணி வண்டி கீது."

அப்போதுதான் எனக்கு முழுசாக விழிப்பு வந்தது. எதிரே கதைக்காரர் முகம். அதைப் பார்த்தேன். சூளை, அண்ணன்கள், மரத்துப்போன விரல் எல்லாம் அந்த முகத்தில் இருந்தன. எந்த ஜோக்கும் என் வாயில் வரவில்லை. அது எனக்குப் புதிது.

அவர் என்னைத் திட்டவில்லை. உடுக்கையில் ஒரே ஒரு தட்டு. இத்தனை நாள் என் பக்கம் திரும்பியிருந்தவர், முதல் தடவையாகப் பெண்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். குரலை உயர்த்தவில்லை.

"பாத்தீங்களா தாயே. அன்னிக்கு அந்தச் சபையிலயும் இப்படித்தான் ஒருத்தன் உக்காந்திருந்தான்."

தர்மகர்த்தா நின்றார்.

"அவன் கெட்டவன் இல்ல தாயே. அந்தப் பொண்ணு மேல அவனுக்கு ஒரு பகையும் கிடையாது. ராவெல்லாம் வேல செஞ்சவன். அசந்து உக்காந்திருந்தான். பெரியவங்க கேட்டாங்க. ஆமான்னான். இன்னா கேட்டாங்கன்னுகூட அவனுக்குத் தெரியாது. பக்கத்துல இருந்தவன், அவன் சொல்றானேன்னு ஆமான்னான். சபை பூரா ஆமான்னுச்சு. அந்தத் தூக்கத்து ஆமாலதான் தாயே உங்க அம்மன மண்ணுல எறக்கினாங்க."

உடுக்கை மெல்ல ஆரம்பித்தது.

"அங்க ஒரு பொம்பள எழுந்து நிக்கல. இங்க ஒருத்தி நின்னுட்டா. அன்னிக்கு இவ இருந்திருந்தா..." நிறுத்தினார். "இப்ப உங்களையே கேக்குறேன். இது நாயமா?"

"அநியாயம்!" என்றாள் என் மனைவி. குரல் உடைந்திருந்தது.

"நாயமா தாயே?"

பேன் பார்த்துக்கொண்டிருந்தவள் எழுந்துவிட்டாள். மருமகளைப் பற்றிப் பேசியவளும் எழுந்தாள். பந்தல் கீற்று அதிர, "அநியாயம் சாமி! அநியாயம்!" மூன்றாவது தடவை அவர் கேட்கவே இல்லை. கேட்க விடவில்லை. ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்கள். ஆண்கள் பக்கத்தில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தர்மகர்த்தா மேல்துண்டை எடுத்து மூக்கைச் சிந்தினார். வெயில் என்றார். ஆடியில் அந்த நேரத்துக்கு வெயில் எங்கே இருக்கிறது?

விளக்கு வைத்ததும் மஞ்சள் துணியை எடுத்துவிட்டுத் தட்டைக் கதைக்காரர் கையில் அவரே கொடுத்தார். "மீதி மூணு நாளும் சொல்லு. வர்ற வருசமும் நீதான்" என்றார். என் பக்கம் திரும்பி, "நீ ஊட்டுக்குப் போய்ப் படு" என்றார்.

மறுநாள் காலை டீக்கடையில் நாஷ்டா சாப்பிடும்போது கதைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"பேஜாரு பண்ணிட்டேன் அண்ணே."

"வுடு நைனா. எனக்கு ஒண்ணுதான் புரியல. மெய்யாலுமே தூக்கமா? இல்ல, நான் தவிக்கறதப் பாத்துட்டு வேணும்னே போட்டியா?"

இப்படி ஒரு வழி திறந்தால் விடுகிற ஆளா நான்? இட்லியை மென்றுகொண்டே ஒரு மாதிரியாகச் சிரித்து வைத்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அதற்கப்புறம் பல வருஷம் ரயிலிலும் மில்லிலும் அதை வேண்டுமென்றே செய்த காரியமாகத்தான் சொல்லி வந்தேன். ஒருவரும் நம்பியதில்லை. குறட்டை ஒலிபெருக்கியில் கேட்டதாக ஊர் முழுக்கச் சாட்சி இருந்தது.

அடுத்த ஆடியில் கதைக்காரர் வந்தார். அவருடைய பழைய ஆளும் காமாலை தெளிந்து கூட வந்திருந்தார். ஆனால் சபை நாளன்று மட்டும் நான்தான் உட்கார வேண்டும் என்று பெண்கள் சொல்லிவிட்டார்களாம். அவர்களுக்கு ஆமா சொல்ல ஒருத்தன் வேண்டும், அப்போதுதான் அநியாயம் என்று கத்த முடியும். வேப்பங்கொத்து முன்கூட்டியே ஒடித்து வைத்திருந்தார்கள். செருப்பு மட்டும் கூடாது என்று தர்மகர்த்தா உத்தரவு.

இந்தத் தடவை நான் லீவு போட்டு நன்றாகத் தூங்கிவிட்டு வந்திருந்தேன். என் இடம் எப்போது வரும் என்று தெரிய வேண்டுமே, அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பிறந்ததிலிருந்து அந்தக் கதை நடக்கிற ஊரில் இருக்கிறேன். அதைக் கேட்டது அன்றைக்குத்தான்.

பெண்ணைச் சபைக்குக் கொண்டு வருகிறார்கள். தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, "மதகுல கீழப் பலகை இன்னும் கசியுது. என்ன அப்புறம் பாத்துக்கலாம். அத மொதல்ல அடைங்க, பள்ளத்து ஊடுங்க மூழ்கிடும்" என்கிறாள்.

இப்படி ஒரு வரி அதில் இருப்பது எனக்குத் தெரியாது. போன வருஷமும் சொல்லியிருக்கிறார். நான் அப்போது என் வெண்கலக் குரலில் ஆமா போட்டிருப்பேன்.

உடுக்கை நின்றது.

"இது நாயமா?"

ஊர் என்னைப் பார்த்தது. வேப்பங்கொத்துகள் தயாராக இருந்தன. எனக்கு ஆமா வரவில்லை. கதைக்காரர் கண்ணால் ஜாடை காட்டினார். மறுபடி கேட்டார். அப்போதும் வரவில்லை. அவள் அந்தப் பலகையையே நினைத்துக்கொண்டு நிற்கிறாள். நான் எப்படிச் சொல்வது?

பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "சொல்லித் தொலையேன்யா! எவ்ளோ நேரமா கொத்தத் தூக்கிக்கினு நிக்கறது?"

"ஆமா" என்றேன். நான் போட்ட ஆமாக்களிலேயே மட்டமானது அதுதான். பின்வரிசைக்குக் கேட்கவே இல்லையாம். கேட்காவிட்டால் என்ன, கொத்து மட்டும் குறிதவறாமல் வந்து விழுந்தது.

கதை முடிந்து கரை மேலேயே வீட்டுக்கு நடந்தோம். மனைவி முன்னால் போய்க்கொண்டே ஏதோ சொன்னாள். காற்று ஏரிப் பக்கத்திலிருந்து அடித்தது. பாதிதான் காதில் விழுந்தது.

"இன்னா சொன்ன? இன்னொரு தபா சொல்லு" என்றேன்.

அவள் நின்றுவிட்டாள். திரும்பி வந்து, புறங்கையை என் நெற்றியில் வைத்து, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள்.